கூழ்ப்பானையும் கலப்புச் சுவையும்

மனிதனுக்கு வாய்த்த ஐம்பொறிகளுள் நாவைப்போல முரண்பட்ட இயல்புடையது பிறிதொன்றில்லை. தாய் ஊட்டிய முதற் கவளத்தின் சுவையை அது ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. ஆயினும், அதே சுவையை நாள்தோறும் இட்டால் நான்காம் நாளே சலித்துக்கொள்கின்றது. பழமையைப் போற்றுவதும் புதுமைக்கு அலைவதும் ஒரே நாவுதான். இவ்விரண்டுக்கும் இடையிலான வழக்கு இன்று எமது வீடுகள் பலவற்றிற் சாப்பாட்டு மேசையிலேயே விசாரணைக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாற் பிள்ளைகள் புதிய உணவுச்சாலைக்குப் போகவேண்டும் என்கிறார்கள். ஒரு நாட்டு மீனும், இன்னொரு நாட்டு ரொட்டியும், வேறொரு நாட்டு ஊறுகாயும் ஒரே தட்டில் வந்து கூடும் கலப்புச் சமையலிலே அவர்களுக்கு மோகம் மிகுதி. பெரியோர்களோ, “வீட்டிலே ஆக்கி வைத்திருக்க வெளியிலே என்ன தேட்டம்?” என்று முகஞ்சுளிக்கிறார்கள். எவர் பக்கம் நியாயம் இருக்கின்றது? அண்மையில் யாழ்ப்பாணத்து வீடொன்றில் எமக்கு நேர்ந்த அனுபவம் இவ்வினாவை ஆற அமர ஆராயத் தூண்டியது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுப்பங்கரையில் ஒரு வழக்கு

நண்பர் ஒருவர் எம்மைக் கூழ் குடிக்க அழைத்திருந்தார். நாம் போய்ச் சேர்ந்தபோது, பின்வளவு அடுப்பிலே பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் பலகையொன்றிலே அமர்ந்து, அகப்பையும் கையுமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார். மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு யாவும் பானைக்குள்ளே ஒன்றோடொன்று முட்டி மோதிக்கொண்டிருந்தன. அருகே ஒரு சட்டியில் ஒடியல்மா நீரில் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொரு சட்டியில் அரைத்த செத்தல்மிளகாயும் பழப்புளிக் கரைசலும் முறைக்குக் காத்திருந்தன.

அப்பொழுது பேரன் வந்தான். கொழும்பிலே ஹோட்டல் ஒன்றின் சமையற்கூடத்தில் மூன்று ஆண்டுகளாகத் தொழில் பழகுபவன். விடுமுறையில் வீடு வந்திருந்தான். அவன் ஒரு கையிலே சோயா சோஸ் போத்தல், மறு கையிலே எலுமிச்சம்புற் கட்டு.

“அம்மம்மா, இதிலை இரண்டு கரண்டி விட்டு, இந்தப் புல்லையும் தட்டிப் போட்டுப் பாப்பமே? பியூஷன் கூழ்! கொழும்பிலை நல்ல விலைக்குப் போகும்” என்றான்.

கிழவியார் அகப்பையைக் குறுக்கே நீட்டினார். “எட தம்பி, கூழைக் கெடுத்துப்போடாதை. எங்கடை கூழுக்குள்ளை பிறத்திச் சாமான் ஒண்டும் போறேல்லை” என்றார்.

“அம்மம்மா எதுக்கும் இப்படித்தான். நீங்கள் சொல்லுங்கோ ஐயா!” என்று அவன் எம்மைப் பார்த்தான். கிழவியாரும் எம்மைப் பார்த்தார். பழையதைக் காப்பவர் ஒருபுறம், புதியதைத் தேடுபவன் மறுபுறம். இருவரும் எமக்கு வேண்டியவர்கள். “கூழைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம்” என்று அவகாசம் கேட்டுத் தப்பினோம். ஆனாற் கிழவியார் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எமது நெஞ்சை விட்டு அகலவில்லை. கூழுக்குள்ளே பிறத்திச் சாமான் எதுவும் போவதில்லை என்பது மெய்தானா?

பானைக்குள் இருந்த பரதேசிகள்

பானையை ஒருமுறை சோதனையிடுவோம். கூழுக்கு நிறமும் உறைப்பும் தருவது செத்தல்மிளகாய். அதன் பிறப்பிடம் யாழ்ப்பாணமன்று, இலங்கையுமன்று, ஆசியாவேயன்று. மெக்சிக்கோ முதல் தென்னமெரிக்கா வரையுள்ள நிலப்பரப்பே மிளகாய்க் குடும்பத்தின் தாயகமாகும். 1492ஆம் ஆண்டிலே கொலம்பஸ் அத்திசைக்குக் கடல்வழி கண்டபின்னரே மிளகாய் உலகைச் சுற்றப் புறப்பட்டது. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1505இற் போத்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுடைய கப்பல்களின் வாயிலாகவே பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் இப்பக்கத்தில் வேரூன்றியது.

அதற்கு முன்னர் எமது முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். புதிதாக வந்த காய், மிளகைப்போல உறைத்தது. ஆகவே மிளகு, காய் என்னும் இரண்டு சொற்களையும் இணைத்து ‘மிளகாய்’ என்று பெயரிட்டு வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டனர். பெயரே அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரமாக இன்றும் நிற்கின்றது.

அடுத்தது மரவள்ளி. அதுவும் தென்னமெரிக்கக் குடியே. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, பஞ்ச காலங்களிலே எத்தனையோ குடும்பங்களின் பசியைத் தீர்த்தது. பழப்புளியைத் தரும் புளியமரத்தின் ஆதியூர் ஆபிரிக்கா. அது மிகப் பழங்காலத்திலேயே இப்பக்கம் வந்து பரவிவிட்டது. பயற்றங்காயின் மூதாதையையும் ஆபிரிக்க உழவரே முதலிற் பயிராக்கினர். இவையெல்லாம் கொதிக்கும் இடத்துக்கு யாழ்ப்பாணத்தார் இட்ட பெயர் ‘குசினி’. அச்சொல்லும் போத்துக்கேய மொழியிலிருந்து வந்தது.

அப்படியாயின், பானையிலே எமது மண்ணின் உரிமைப் பொருள் எது? பனை. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல்மாவே கூழுக்கு உடலும் உயிரும் ஆகும். அதன் இலேசான கைப்பும் தனி மணமும் வேறெந்த மாவிலும் கிடையா. மிளகாய் வந்தது, மரவள்ளி வந்தது, ஆயினும் ஒடியல்மா தன் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்தவை அதனைச் சூழ்ந்து அமர்ந்தன. எனவேதான் நான்கு திசைப் பொருள்கள் கூடிய பின்னரும் அது கூழாகவே இருக்கின்றது.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. கிழவியார் காத்து நின்ற கூழ்ப்பானையே ஒரு பழைய கலப்புச் சமையல். புதுமையை அவர் எதிர்க்கவில்லை. முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முந்திய புதுமையைக் காத்துக்கொண்டிருந்தார்.

இலைக்கு வந்த விருந்தாளிகள்

கூழ் மட்டுந்தானா? எமது நாட்டிற் பலரும் விரும்பியுண்ணும் பண்டங்கள் சிலவற்றை நோக்குவோம்.

பறங்கியர் குடும்பங்களின் பெருமைக்குரிய ‘லம்ப்ரைஸ்’ என்னும் சோற்றுப் பொதியை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து பிறந்தது. இலையிலே சோற்றைச் சுற்றும் வழக்கத்துக்குச் சாவகத்தீவிலே உறவு உண்டு. சோறு வேகுவது இறைச்சிச் சாற்றிலே. உடன் வைக்கும் இறைச்சி உருண்டை ஐரோப்பியருடையது. இடித்த இறாற் பண்டம் மலாயருடையது. கத்தரிக்காய்ப் பாகும் சீனிச்சம்பலும் இலங்கை அடுக்களையின் கைவரிசை. எல்லாவற்றையும் வாழையிலையிற் பொதிந்து கனலடுப்பில் வைக்கும்போது, வாட்டிய இலையின் மணம் ஏறி, பல நாட்டுப் பண்டங்களும் ஒரே குடும்பமாகிவிடுகின்றன.

நோன்புப் பெருநாளில் முஸ்லிம் நண்பர்கள் எமக்கு அனுப்பும் வட்டிலப்பமும் அத்தகையதே. ஒல்லாந்தர் காலத்திற் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இங்கு வந்த மலாயரின் கைவண்ணம் அது. இலங்கையின் கித்துள் வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஏலமும் முட்டையோடு கூடி அதனை இந்நாட்டின் பண்டமாக்கிவிட்டன.

தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியிலே அடுக்கியிருக்கும் ‘ரோல்ஸ்’ இன்னும் வேடிக்கையானது. பலர் அதனைச் சீன ரோல்ஸ் என்பார்கள். ஆனால் மேலே சுற்றிய மெல்லிய அப்பமும் அதன்மேல் அப்பிய பாண்தூளும் ஐரோப்பிய முறை. உள்ளே இருப்பதோ மிளகாயும் கறிவேப்பிலையும் இட்ட மீனும் உருளைக்கிழங்கும். சீனர் எவரும் அதனைத் தமது பண்டம் என்று உரிமை கோரார். ஆயினும் பாடசாலை விட்டுவரும் மாணவனுடைய பசிக்கு அதைவிட உற்ற துணை வேறில்லை.

இப்பண்டங்கள் எவையும் புதுமை காட்டவேண்டும் என்னும் ஆசையிற் பிறந்தவையல்ல. கடல் கடந்து வந்தவன் தன் ஊர்ச் சுவையை நினைத்தான். அவன் ஊர்ப் பொருள்கள் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்ததைக் கொண்டு சமைத்தான். ஏக்கமும் தேவையுமே இவற்றின் பெற்றோர்.

பேருவிற் கலந்த இரு கடல்கள்

மிளகாயின் தாயகமாகிய தென்னமெரிக்காவிலேயே இதற்கு மிகச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1899ஆம் ஆண்டிலே ‘சகுரா மாரு’ என்னும் கப்பல் ஏறத்தாழ 790 யப்பானியரை ஏற்றிக்கொண்டு பேரு நாட்டை அடைந்தது. கரும்புத் தோட்டங்களிற் கூலிவேலை செய்ய ஒப்பந்தமாகி வந்தவர்கள் அவர்கள். தோட்ட வாழ்வின் துன்பம் எத்தகையது என்பதை மலைநாட்டு வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னர் அவர்களிற் பலர் லீமா நகரை அடைந்து, சிறு கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வைத்தனர்.

பேரு மக்களின் பெருவிருப்புக்குரிய பண்டம் ‘செவிச்சே’. பச்சை மீனைத் துண்டாக்கி, தேசிக்காய்ப்புளி, வெங்காயம், மிளகாய், உப்பு ஆகியவற்றோடு ஊறவைப்பது அது. புளியின் வன்மையால் மீன் நெருப்பிலே வெந்ததுபோல வெண்மையடையும். முன்னாளில் அதனை மணிக்கணக்காக ஊறவைப்பார்கள். பச்சை மீனின் தன்மையைப் பரம்பரையாக அறிந்திருந்த யப்பானியர், அம்மீனைச் சில நிமிடங்கள் மட்டுமே புளியிலிட்டனர். மீனின் இயற்கைச் சுவை கெடாமல் நின்றது. மீனை இதழ்போல மெல்லிதாகச் சீவி, மேலே மிளகாய்ச் சாற்றை வார்க்கும் ‘திராதித்தோ’ என்னும் புதிய பண்டமும் தோன்றியது. வெளிநாட்டில் வாழும் யப்பானிய வழித்தோன்றல்களைக் குறிக்கும் ‘நிக்கேய்’ என்னும் சொல்லே இன்று அச்சமையலின் பெயராகவும் வழங்குகின்றது.

நோபு மற்சுகிசா என்னும் யப்பானிய இளைஞர் 1973இல் லீமா நகருக்குச் சென்று உணவுச்சாலை நடத்தினார். யப்பானியச் சரக்குகள் பல அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு தம் கலையை வளர்த்தார். பின்னர் 1987இல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸ் நகரிலும், 1994இல் நியூயோர்க்கிலும் அவர் திறந்த உணவுச்சாலைகள் பெரும்புகழ் எய்தின. அவரைப்பற்றி வழங்கும் செய்தி ஒன்று சுவையானது. பச்சை மீனை உண்ணமாட்டேன் என்று ஒரு பெண்மணி தட்டைத் திருப்பியனுப்பிவிட்டார். மற்சுகிசா அம்மீனை வீசிவிடவில்லை, வாதாடவுமில்லை. எண்ணெயை நன்றாகக் காய்ச்சி மீன் சீவல்களின்மேல் ஊற்றினார். மேற்புறம் மட்டும் வெந்தது. அப்பெண்மணி தட்டை வெறுமையாக்கினார். அப்பண்டம் அவருடைய புகழ்பெற்ற பண்டங்களுள் ஒன்றாயிற்று. மறுப்பவருடைய நாவையும் மதித்துச் சமைத்தமையே அந்த வெற்றியின் இரகசியம் என்க.

1980களில் அமெரிக்கச் சமையற்காரர்களிடையே இத்தகைய கலப்புக்குப் ‘பியூஷன்’ என்னும் பெயர் பரவியது. பெயர் வந்தபின் அது நாகரிகமாயிற்று. நாகரிகமானபின் போலிகளும் பெருகின. இரு நாட்டுச் சமையலையும் அறியாதவர்கள்கூட, ஒன்றன்மேல் மற்றொன்றை ஊற்றிவிட்டுப் புதுமை என்றனர். ‘இது பியூஷன் அன்று, கன்பியூஷன்’ என்னும் கேலிக்கும் இடமுண்டாயிற்று.

கொழும்பில் ஒரு நண்டு

எமது தலைநகரிலும் நல்லதோர் உதாரணம் இருக்கின்றது. யப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த தர்ஷன் முனிதாச, 1995இற் கொழும்பிலே ‘நிஹொன்பாஷி’ என்னும் யப்பானிய உணவுச்சாலையைத் தொடங்கியவர். 2011ஆம் ஆண்டிலே அவர், துடுப்பாட்ட வீரர்களாகிய குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன ஆகியோருடன் சேர்ந்து, கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் ‘மினிஸ்ட்ரி ஒவ் கிராப்’ என்னும் உணவுச்சாலையைத் திறந்தார்.

அதன் நோக்கம் கவனிக்கத்தக்கது. எமது கடனீரேரிகளிலும் கண்டற் சதுப்புகளிலும் வளரும் பெருநண்டுகளுக்குச் சிங்கப்பூரிலே பெருமதிப்பு. அந்நகரின் மிளகாய் நண்டுக் கறிக்கு இலங்கை நண்டே சிறந்தது என்பார்கள். சிறந்த நண்டுகள் கப்பலும் விமானமும் ஏறிவிட, பிடித்த நாட்டிலே எஞ்சியவையே கிடைத்துவந்தன. அந்நிலையை மாற்றி, சிறந்த நண்டை இந்நாட்டிலேயே பரிமாற வேண்டும் என்பதே முனிதாசவின் எண்ணம். அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரையிலான நண்டுகளை நிறைவாரியாகப் பிரித்து அங்கே விற்கிறார்கள். அங்குள்ள மிளகு நண்டில் அம்மியில் இடித்த எமது மிளகும், ‘தாஷி’ எனப்படும் யப்பானிய இரசமும் கூடுகின்றன. இன்னொரு பண்டத்தில் இத்தாலிய ஒலிவ எண்ணெய், உள்ளி, இடித்த மிளகாய், யப்பானிய சோயா சோஸ் ஆகியவை சேருகின்றன. சரக்குகள் சிலவே. நண்டின் சுவையை மறைக்காமல் அதற்குத் துணைநிற்பவற்றை மட்டுமே சேர்ப்பது யப்பானியச் சமையலின் கட்டுப்பாடு. மிளகும் மிளகாயும் இலங்கையின் துணிவு. இரண்டையும் பிறப்பாலும் பயிற்சியாலும் அறிந்த ஒருவரின் கையிலே அவை பகையின்றிக் கூடின.

எளிய குடும்பத்தார் அடிக்கடி போய்வரத்தக்க விலையன்று அது. ஆயினும் அங்கிருந்து எமது குசினிக்குச் செலவின்றிக் கொண்டுவரத்தக்க பாடம் ஒன்று உண்டு: கலப்பவன் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும், எது தலைவன், எது துணைவன் என்பதையும் தெளிந்திருத்தல் வேண்டும்.

நாவின் கணக்கு

எவை பொருந்தும், எவை பொருந்தா என்பதற்கு விஞ்ஞானமும் ஓரளவு விளக்கம் தருகின்றது. மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்குக.

1908ஆம் ஆண்டிலே யப்பானியப் பேராசிரியர் கிகுனாயே இக்கேடா, கொம்பு என்னும் கடற்பாசியிலிட்ட இரசத்தின் தனிச்சுவையை ஆராய்ந்தார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்பவற்றுள் அடங்காத அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். குளுத்தமேற்று என்னும் பொருளே அதற்குக் காரணம் எனக் கண்டார். 1913இல் அவருடைய மாணவர் கோதாமா, உலர்ந்த சூரைமீனில் இனோசினேற்று என்னும் இன்னொரு பொருள் அச்சுவையைத் தருவதைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் ஒன்றுசேரும்போது சுவை கூட்டற் கணக்கிலன்றிப் பெருக்கற் கணக்கில் ஏறுகின்றது என்பது பின்னர் நிறுவப்பட்டது.

யப்பானியரின் அந்த உலர்ந்த மீன் சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்துச் செய்வது. எமது சம்பலுக்கு நாம் இடிக்கும் மாசியும் அவ்வாறே ஆக்கப்படுவது. மாலைதீவாரும் யப்பானியரும் ஒரே மீனை ஏறத்தாழ ஒரே வழியிற் பதப்படுத்தியிருக்கின்றனர். ஆகவே யப்பானிய இரசம் எமது நாவுக்கு முற்றிலும் அந்நியமன்று. அது மாசிச் சம்பலின் தூரத்துச் சொந்தம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மிளகாயின் எரிவுக்குக் காரணமான பொருள் நீரிலே எளிதிற் கரைவதில்லை, கொழுப்பிலே கரையும். உறைப்புத் தாளாமல் எவ்வளவு நீர் குடித்தாலும் வாய் ஆறாமைக்கும், ஒரு வாய்ப் பாலுக்கு அது தணிவதற்கும் காரணம் இதுவே. சொதிக்கும் கறிக்கும் தேங்காய்ப்பால் விட்ட எமது பாட்டிமார் இந்த இரசாயனத்தைப் பாடநூலிற் படித்தவர்களல்லர், கையாலே அறிந்திருந்தார்கள்.

இக்கணக்குகளை நாம் பேரனுக்கு எடுத்துரைத்தோம். “அப்படியெண்டால் கூழுக்குள்ளை சோயா சோஸ் வேண்டியதில்லை ஐயா. நண்டும் இறாலும் மீனும் அந்த வேலையை முன்னமே செய்யுதுகள். சோயா விட்டால் ஒடியலின்ரை மணந்தான் அமுங்கும்” என்று அவனே சொன்னான். போத்தலை எடுத்து அப்பால் வைத்தான். எலுமிச்சம்புல்லை மட்டும் விடவில்லை.

வீட்டிற் செய்து பார்ப்போருக்கு

புதுச்சுவையை நாடும் குடும்பத்தினருக்குச் சில யோசனைகள் கூறுதல் பொருந்தும். முதலாவது, முழுப் பானையையும் பலியிடாதீர்கள். சிறு சட்டியிலே கொஞ்சம் எடுத்துச் சோதியுங்கள். பிழைத்தால் நட்டம் இரண்டு அகப்பைதான். இரண்டாவது, ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒருங்கே மாற்றினால், கெடுத்தது எது, கொடுத்தது எது என்று கண்டறிய இயலாது. மூன்றாவது, சேர்க்கும் பொருளின் தொழிலை அறிந்து சேருங்கள். சோயா சோஸ் உவர்ப்பையும் தருவதால் அதற்கேற்ப உப்பைக் குறைத்தல் வேண்டும். தேங்காய்ப்பாலோடு புளி சேர்ப்பதாயின், அடுப்பை விட்டு இறக்கும் வேளையிற் சேருங்கள். அன்றேல் பால் திரைந்துவிடும்.

உணவுச்சாலைக்குப் போகும்போது, பெயர் தெரியாத பண்டங்களைப்பற்றிப் பரிமாறுபவரிடம் கேட்க நாணவேண்டாம். நண்டு, இறால், கச்சான் முதலியவை சிலருடைய உடலுக்கு ஒவ்வா. கலப்புப் பண்டங்களில் அவை கண்ணுக்குத் தெரியாமற் கலந்திருக்கக்கூடும். ஆளுக்கொரு பண்டமாக எடுத்து எல்லாரும் பகிர்ந்துண்டால், செலவும் அடங்கும், சுவையும் பலவாகும். வீடு திரும்பியதும், “இதில் என்ன என்ன இருந்தது?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நாவு கல்வி கற்கும் வழி அதுவே.

தீர்ப்பு

இனி, கூழ்ப்பானைக்குத் திரும்புவோம். நாம் பனையோலைப் பிளாவிலே கூழைக் குடித்து முடித்த பின்னர், எமது தீர்ப்புக்கு இருவரும் காத்திருந்தனர். பானையிற் கைவைக்கக் கூடாது என்றும், இரண்டு அகப்பைக் கூழைச் சிறு சட்டியில் எடுத்துப் பேரன் தன் மனம்போலச் செய்யலாம் என்றும், கிழவியார் அதனைச் சுவைபார்த்தே ஆகவேண்டும் என்றும் கூறினோம்.

அவன் எலுமிச்சம்புல்லைத் தட்டிப் போட்டான். கொஞ்சம் தேங்காய்ப்பால் வார்த்தான். ஒரு கொதி வந்ததும் இறக்கினான். உறைப்பு அடங்கி, மணம் எழுந்தது. கிழவியார் பிளாவை வாங்கி, கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார். பின்னர் இன்னொரு மிடறு குடித்தார். பேரனின் முகத்திலே கவலை தெரிந்தது.

“நல்லாய்த்தான் இருக்குது” என்றார் அவர். “ஆனால் இது கூழில்லை, தம்பி. இதுக்கு வேறை பேர் வை.”

நாம் சொல்ல நினைத்த தீர்ப்பை எம்மிலும் நன்றாக அவரே சொல்லிவிட்டார். புதியதை ஆக்கலாம், விற்கலாம், அதனால் மேன்மையடையலாம். ஆனாற் பழையதன் பெயரை எடுத்துப் புதியதற்குச் சூட்டினால், நாளைக்குப் பழையது எது என்று கேட்கும் குழந்தைக்குக் காட்ட ஒன்றும் இராது. மிளகுக்கு அருகில் மிளகாய் வந்தபோது எமது முன்னோர் அதற்குத் தனிப்பெயர் இட்டார்கள். மிளகும் அழியவில்லை, மிளகாயும் தாழவில்லை.

பேரன் சிறிது நேரம் பேசாதிருந்தான். “அம்மம்மா, உண்மையான கூழை நான் ஒருநாளும் தனியச் செய்து பாக்கேல்லை. எனக்குச் சொல்லித் தருவியளே?” என்று கேட்டான். கொழும்புச் சமையற்கூடத்திலே பல நாட்டுச் சமையலைக் கற்றவன் அவன். தன் வீட்டுப் பானையை மட்டும் கற்கவில்லை. அம்மூதாட்டியின் கைப்பக்குவம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை; எண்பது வயதைக் கடந்த அந்தக் கைகளிலே மட்டும் இருந்தது.

“ஒடியல்மா எவ்வளவு?” என்றான். “ஆளுக்கு ஒரு பிடி” என்றார். அவன் உள்ளே ஓடிச் சென்று ஒரு சிறு தராசைக் கொண்டுவந்தான். கிழவியார் சிரித்துக்கொண்டே மாவிலே கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தட்டிலே வைத்தார். அவன் நிறையைப் பார்த்துக் கொப்பியிலே குறித்துக்கொண்டான். மீண்டும் அள்ளச் சொன்னான், மீண்டும் குறித்தான். இரண்டு பிடியும் ஏறத்தாழ ஒரே நிறையாக இருந்தமை கண்டு அவன் வியந்துபோனான்.

எமது வாசகர்களின் வீடுகளிலும் எழுதப்படாத பானை ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய உணவுச்சாலைக்குப் போகத்தான் வேண்டுமாயின், மகிழ்ச்சியோடு போய் வாருங்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அந்தப் பானைக்கும், ஒரு கொப்பிக்கும், ஒரு தராசுக்கும் ஒதுக்கி வையுங்கள்.